எழுபது டிகிரி

திசைகாட்டி என்றால் உள்ளே ஒரு முள் நடுங்கிக்கொண்டிருக்கும் என்றுதான் தையல்காரி நினைத்திருந்தாள். சர்வேயர் அவள் கையில் வைத்ததில் முள் இல்லை. பாதி தேய்ந்த சோப்புக் கட்டி அளவு, சாம்பல் நிறம், சின்னத் திரை, திரைக்குக் கீழே இரண்டு பொத்தான்கள், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. திரையில் 214 என்று இருந்தது. அவள் மூச்சு விட்டதும் 215 ஆனது.

"இதுல முள்ளே காணோமே" என்றாள்.

"முள்ளு வச்சது பழசு. இது நம்பராவே சொல்லிடும்" என்றார் சர்வேயர். "நம்பர் வரும்ல உங்களுக்கு?"

முப்பத்தைந்து வருடமாக ஊராரின் இடுப்பளவு எடுப்பவளிடம் கேட்கிற கேள்வி இல்லை அது.

அவளுடைய அண்ணன் காணாமல் போய் அதற்குள் ஒரு நாள் ஆகிவிட்டிருந்தது. முந்தின நாள் காலை பத்தரை மணிக்கு அவள் கடையில் ஒரு பெண்ணின் தோளில் டேப்பை வைத்து நின்றாள். அண்ணன் வாசலில் தன் நாற்காலியில் இருந்தார். தோளளவை நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது நாற்காலி மட்டும் இருந்தது.

அவர் முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டர். ஒரே தடம், காகித ஆலை வரைக்கும். ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. கடைசி இரண்டு வருடமாக நினைவு ஒவ்வொரு ஸ்டாப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. தங்கையை மட்டும் மறக்கவில்லை. ஐம்பத்தாறு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான். அன்று அவர் பஸ் ஏறி ஆலை வாசலில் இறங்கியிருக்கிறார். பழைய ஆளாயிற்றே என்று அந்த வண்டியின் கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. இறங்கியவர், எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மரத்தோப்புப் பக்கம் நடந்தாராம்.

தோப்பு என்று வாய்தான் சொன்னது. ஆலைக்காக வரிசையாக நட்ட மரங்கள். இரண்டு தடவை வெட்டி, வெட்டிய அடியிலிருந்து நாலைந்தாகத் தழைத்து, நடுவே முட்புதர் ஏறி, வரிசை என்பது பேருக்குத்தான். பத்தடிக்கு அப்பால் நிற்கிற ஆள் தெரியாது. ஆள் காணாமல் போனால் தேடுகிற தன்னார்வக் குழு ஒன்று அந்த வட்டாரத்தில் இருந்தது. பத்துப் பேர். சர்வேயர் அதன் தலைவர். நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு பட்டைக்கு ஒருவராக, திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் நடப்பார்கள். தேடலின் முதல் நாளில் தோப்பின் தெற்குப் பாதியை முடித்திருந்தார்கள். அதில் ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது. வடக்குப் பாதியில் பத்துப் பட்டை, ஒன்பது ஆள்.

"அந்தப் பட்டையில நான் நடக்கறேன்" என்று அவள் சொன்னாள்.

வீட்டு ஆட்களை வரிசையில் விடுவதில்லை என்றார் சர்வேயர். அது குழுவின் விதி. சொந்தக்காரர்கள் கத்திக்கொண்டு ஓடுவார்கள், கோட்டை விட்டு விலகுவார்கள், மயங்கி விழுவார்கள், பிறகு அவர்களையும் தேட வேண்டும். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, தான் இதுவரை எந்தக் கோட்டை விட்டும் விலகியதில்லை என்றும், வேண்டுமானால் அவர் போட்டிருக்கும் சட்டையைத் தைத்தவனுக்கு விலகாமல் தைக்கக் கற்றுக்கொடுக்கவும் தயார் என்றும் சொன்னாள். சர்வேயர் குனிந்து தன் சட்டையின் பொத்தான் பட்டியைப் பார்த்தார். அது கோணலாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அவரும் குழுவில் ஒருவர்.

அப்படித்தான் திசைகாட்டி அவள் கைக்கு வந்தது.

ஆலையின் பழைய சைக்கிள் கொட்டகைதான் குழுவின் முகாம். தகரக் கூரைக்குக் கீழே இது உளறும் என்று சர்வேயர் அவளை வெட்டவெளிக்குக் கூட்டிப்போனார். முதலில் அதைச் சமநிலைப்படுத்த வேண்டும். உள்ளங்கையில் தட்டையாக வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே இரண்டு சுற்று மெதுவாகச் சுற்ற வேண்டும். தளும்பத் தளும்ப டீ இருக்கிற தட்டைப் பிடிப்பதுபோல என்றார். அவள் சுற்றினாள். பேக்கரிக்காரர் தள்ளி நின்று, வாடிக்கையாளரைத்தானே இப்படிச் சுற்றச் சொல்வீர்கள், இன்றைக்கு நீங்களே மாட்டிக்கொண்டீர்களே என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும், சிரித்துவிட்டோமே என்றிருந்தது.

பிறகு மேல் பொத்தான். போக வேண்டிய திசையைப் பார்த்து நின்று அதை அழுத்தினால் அந்த எண் திரையின் மூலையில் சின்னதாகத் தங்கிவிடும். நடக்கும்போது விலகினால் பெரிய எண் மாறும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஓர் அம்புக்குறி சொல்லும். நாளைக்கு எல்லோருக்கும் எழுபது டிகிரி. தோப்பின் இந்தப் பக்கத்துச் சாலையிலிருந்து அந்தப் பக்கத்துச் சாலை வரை, அறுநூறு மீட்டர், எழுபதில் போனால் போதும்.

அவள் திரையில் எழுபதை வைத்துக்கொண்டு நடந்தாள். எண்ணையே பார்த்துக்கொண்டு போனதில் ஒரு தார் பீப்பாயில் இடித்துக்கொண்டாள்.

"நம்பரைப் பாத்து நடக்காதீங்க. நம்பர் காட்டற பக்கம் ஒரு மரத்தைப் பாத்து வச்சுக்கங்க. மரம் வரைக்கும் போங்க. அங்க நின்னு மறுபடி கேளுங்க, அடுத்த மரத்தைச் சொல்லும்."

அது அவளுக்குப் புரிந்தது. மெஷினில் உட்கார்ந்து ஊசியையே பார்த்தால் தையல் கோணிவிடும். பார்க்க வேண்டியது துணியின் ஓரத்தை. அதன்பிறகு கம்பத்திலிருந்து கம்பம், கம்பத்திலிருந்து கேட், கேட்டிலிருந்து சுவர் என்று நூல் பிடித்தாற்போலப் போனாள். சர்வேயர் பின்னாலேயே வந்து நாலு தடவை சோதித்தார். ஐந்தாவது தடவை வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு" என்றார். "இதுக்கு இரும்புன்னா பலவீனம். ஃபோன், சாவிக்கொத்து, வாட்ச், கத்தி, எதுவும் கிட்ட இருக்கக் கூடாது. இருந்தா நம்பர் பொய் சொல்லும். பொய்யைச் சத்தியம் மாதிரி சொல்லும். உங்களுக்குத் தெரியவே தெரியாது."

அவள் தன் தோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"தங்கத்துக்கெல்லாம் மசியாது" என்றார் சர்வேயர்.

நடந்த வழியை அடையாளம் காட்ட இருபது தப்படிக்கு ஒரு பிளாஸ்டிக் நாடாவைக் கிளையில் கட்டிப்போவது வழக்கம். நாடா தீர்ந்துவிட்டதாகப் பேச்சு வந்தது. அவள், தானே துணியில் வெட்டித் தருகிறேன் என்றாள். ஆளுக்கொரு மஞ்சள் ஜாக்கெட்டும் உண்டு. மிச்சம் இருந்தது கால் பிசகியவருடையது; அவர் ஆறடிக்காரர். கைப்பகுதி அவளுடைய விரல் நுனியைத் தாண்டி ஒரு சாண் தொங்கியது. ஜாக்கெட்டையும் திசைகாட்டியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறை கடை, பின்னறை இருவருக்கும். வாசலில் நாற்காலி அப்படியே கிடந்தது. அவள் அதை உள்ளே எடுத்துப் போடவில்லை.

லைனிங் துணியில் சிவப்பு மிச்சம் நிறைய இருந்தது. இரண்டு விரல் அகலம், ஒரு முழ நீளம் என்று முந்நூறு துண்டு வெட்டி, முப்பது முப்பதாகக் கட்டினாள். கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ரசீதுப் புத்தகம் கிடந்தது. வாடிக்கையாளர்கள் துணி வாங்க வரும்போது திருப்பித் தரும் ரசீதுகளும் அதன்மேல் கம்பியில் குத்தியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மூலை கிழிந்திருந்தது. வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் டிக்கெட் கேட்பார் அண்ணன். முதலில் அவளுக்கு மானம் போயிற்று. பிறகு வாடிக்கையாளர்களே ரசீதை நீட்டப் பழகிவிட்டார்கள். வாங்கிப் பார்ப்பார். மூலையில் நகத்தால் சின்னதாக ஒரு கிழி கிழிப்பார். நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்து, "பாத்தாச்சு" என்பார். அதன்பிறகுதான் உள்ளேயோ வெளியேயோ விடுவார்.

விடிகாலையில் எழுந்து ஜாக்கெட்டை எடுத்தாள். கையை மடித்துத் தைக்க நேரம் இருந்தது. ஆணியில் மாட்டியிருந்த காந்தத்தை எடுத்து இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். கோட்டுப் பொத்தான் அளவில் துணி போர்த்திய காந்தம், நாடா வைத்தது. குண்டூசிகளை வாயில் கவ்வாமல் இதில் ஒட்டிவைத்துக்கொள்வாள். கடை திறந்து அதைக் கட்டினால் கடை மூடித்தான் அவிழ்ப்பது. அண்ணனுக்கு அது வாட்ச். "உன் வாட்ச்சுக்கு முள்ளெல்லாம் வெளியில இருக்கே பாப்பா, மணி எப்படிப் பாக்குற?" என்று தினம் ஒரு தடவை கேட்பார். அவள் தினம் ஒரு மணி சொல்வாள்.

வலது கை முடிந்தது. இடது கையை மடித்துப் பின் குத்தி, அளவு பார்க்கப் போட்டுக்கொண்டாள். சரியாக இருந்தது. அப்போது தெருவில் ஹாரன் அடித்தது. குழுவின் வண்டி. தைக்க நேரமில்லை, குத்திய பின்னோடே இருக்கட்டும் என்று துணிக் கட்டுகளை அள்ளிக்கொண்டு ஓடினாள். திசைகாட்டியைக் கழுத்தில் மாட்டியது நினைவிருந்தது. கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்ததும் நினைவிருந்தது. சாவி இரும்பு.

சாலையோரத்தில் பத்து முளைக்குச்சிகள், ஐம்பது தப்படிக்கு ஒன்று. பனி இறங்கியிருந்தது. மூன்றாவது குச்சியில் நின்ற ஆள் வெறும் மஞ்சளாகத் தெரிந்தார், நாலாவதில் அதுவும் இல்லை. சர்வேயர் அவளைக் கடைசிப் பட்டையில், இடது ஓரத்தில் விட்டார். ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அண்ணன் அவ்வளவு தூரம் போயிருக்க வாய்ப்பே இல்லை என்று அவர் பேக்கரிக்காரரிடம் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. தங்கை கண்ணில் படக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

ஒவ்வொருவராகச் சோதித்துக்கொண்டு வந்தார்.

"ஃபோன்?"

"வண்டியில வச்சுட்டேன்."

"சாவி?"

"பக்கத்துக் கடையில."

"வாட்ச்?"

"கட்டற பழக்கமில்ல."

அந்தப் பக்கத்துச் சாலையில் வெளியே வந்ததும் வலது பக்கம் திரும்பச் சொன்னார். நூறு தப்படியில் தண்ணீர்த் தொட்டி, அங்கே வண்டி நிற்கும். பிறகு நடுக்குச்சிக்குப் போய்க் கையைத் தூக்கினார். வரிசை உள்ளே நுழைந்தது.

இடது உள்ளங்கையில் திசைகாட்டி, வலது கை முள்ளை விலக்க. எழுபதைக் கேட்டாள்; அது ஒரு மரத்தைக் காட்டியது. போனாள். மறுபடி கேட்டாள். ஒவ்வொரு புதரையும் குனிந்து பார்த்தாள். அண்ணா என்று கூப்பிட்டுவிட்டு, இருபது எண்ணும்வரை காதைக் கொடுத்து நின்றாள். சிவப்புத் துண்டைக் கட்டினாள். முள் கிழித்ததில் புறங்கையில் ரத்தம் வந்தது, வலிக்கவில்லை. எண் ஆடவே இல்லை. எழுபது, எழுபது, ஒருதரம் எழுபத்தொன்று, உடனே திருத்திக்கொண்டாள். வலது பக்கத்து ஆளின் குரல் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு மங்கிப்போனது. அவர் வேகமாகப் போகிறார், சரியாகப் பார்க்காமல் போகிறார் என்று மனதுக்குள் திட்டினாள்.

சாலைக்கு வந்தபோது வேறு யாரும் இல்லை. அவள்தான் கடைசி. வலது பக்கம் திரும்பி எண்ணிக்கொண்டே நடந்தாள். எண்ணுவது அவள் பழக்கம். நூறில் தொட்டி இல்லை. நூற்றைம்பதில் இல்லை. இருநூற்று நாற்பதில்தான் பனிக்குள்ளிருந்து தொட்டியின் கால்கள் தெரிந்தன.

நூறு என்றாரே என்று நினைத்தாள். ஆறடிக்காரர்களின் தப்படி வேறு, தன் தப்படி வேறு என்றும், களைத்த கால் குட்டையாகத்தான் வைக்கும் என்றும் நினைத்துக்கொண்டாள். ஒரு வாடிக்கையாளரின் துணி இந்த அளவுக்கு வித்தியாசம் காட்டியிருந்தால் மறுபடி டேப் வைத்திருப்பாள்.

வண்டியின் முன்பக்கத்தில் வரைபடம் விரித்திருந்தது. ஒன்பது பட்டைகளில் பென்சில் கோடு அடித்தாகிவிட்டது. சர்வேயர் பத்தாவதில் பென்சிலை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு" என்றாள்.

அவர் கோடு அடித்தார். நாளைக்குத் தோப்பைத் தாண்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் என்றார்.

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்தரை. ஜாக்கெட்டைக் கழற்றினாள். வலது கை வந்துவிட்டது. இடது கை மாட்டிக்கொண்டது. பின் குத்திய கையை மெதுவாக உருவியபோது மணிக்கட்டில் காந்தம் இருந்தது. அதில் ஏழு குண்டூசிகள் பூப்போல விரிந்து நின்றன.

அவள் ஒரு நிமிடம் அதைப் பார்த்தாள். அது அங்கே இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.

பிறகு திசைகாட்டியை வெட்டுமேசையில் வைத்தாள். கையை விலக்கி வைத்துப் பார்த்தாள். 131. உள்ளங்கை இருக்கிற தூரத்துக்கு மணிக்கட்டைக் கொண்டுவந்தாள். எண் ஓடி நின்றது. விலக்கினாள், 131க்குத் திரும்பியது. கொண்டுவந்தாள். மேசையை விட்டுத் தள்ளிப் போய், காலையில் நின்றதுபோல உள்ளங்கையில் ஏந்தி, எழுபதைப் பிடித்து நின்றாள். காந்தத்தை அவிழ்த்து எறிந்தாள். அதே சுவரைப் பார்த்து, அசையாமல், மறுபடி எண்ணைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் ஐம்பத்தெட்டு.

சர்வேயருக்கு ஃபோன் செய்தாள்.

"என் பட்டை தப்பு" என்றாள்.

அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"எவ்வளவு?"

"பன்னெண்டு."

"எந்தப் பக்கம்?"

"இடது. வெளிப்பக்கம் போயிட்டேன். உள்ள என் பட்டையில யாருமே நடக்கல."

இப்போதே போகலாம் என்றாள். பனி இறங்கிவிட்டது என்றார் அவர். இந்த நேரத்தில் உள்ளே ஆளை விட்டால் விடிந்து அவர்களையும் தேட வேண்டும். சாலையில் வண்டியை நிறுத்தி விளக்குப் போட்டு வைக்கச் சொல்கிறேன், ஆறு மணிக்கு முதல் வேலை அதுதான் என்றார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். ஜாக்கிரதையாக இருங்கள் என்று அவ்வளவு சொன்னேனே என்று ஒரு வார்த்தை. அவர், "சாப்பிட்டுட்டுப் படுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

காலையில் அவளை முளைக்குச்சியைத் தாண்ட விடவில்லை. சர்வேயரும் பேக்கரிக்காரரும் உள்ளே போனார்கள். அவள் குச்சிக்குப் பக்கத்தில் நின்றாள். பனி மெல்ல விலகியது. குச்சியிலிருந்து இடது பக்கம் முதல் சிவப்புத் துண்டு தெரிந்தது, அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. வரிசையாக, அழகாக, ஒரு நூல்கூடப் பிசகாமல் தப்பான பக்கம் போயிருந்தன.

அரைமணி நேரத்துக்குப் பிறகு பேக்கரிக்காரர் மட்டும் வெளியே வந்தார். வாய் ஓயாத மனிதர். அவள் முன்னால் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

பட்டையின் பாதி தூரத்தில், ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அண்ணன். செருப்பைக் கழற்றி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்திருந்தார். முழங்கால்களைச் சேர்த்து, பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டதுபோல ஒதுங்கி இருந்தார். பேக்கரிக்காரர் கூட்டிப்போனதும் அவள் குனிந்து சட்டைக் காலரைச் சரி செய்தாள். அது அவள் தைத்த சட்டை. துணி ஈரமாக இருந்தது.

அப்புறம் மருத்துவமனை. நீள நடை, பச்சை பெஞ்ச், யாரோ துடைத்துக்கொண்டிருந்த தரை. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு நர்ஸ் அவளிடம் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொடுத்தாள். கண்ணாடி. சீப்பு. கைக்குட்டை. சட்டைப் பையில் இருந்ததாம், இதுவும், என்று தனியாக எதையோ எடுத்து வைத்தாள்.

மூன்று சிவப்புத் துணித் துண்டுகள். ஒவ்வொன்றும் நாலாக மடித்திருந்தது. அவள் ஒன்றைப் பிரித்தாள். மூலையில் சின்னதாக ஒரு கிழிசல். இரண்டாவதிலும். மூன்றாவதிலும்.

அவற்றை மறுபடி மடித்த மடிப்பிலேயே மடித்தாள். அவள் கட்டிய துண்டுகள். அவள் கட்டிவிட்டுப் போன பிறகு அங்கே வந்து, முடிச்சை அவிழ்த்து, பார்த்து, கிழித்து, பையில் வைத்திருக்கிறார். அவள் சாலையில் தப்படி எண்ணிக்கொண்டிருந்தபோதோ, வண்டியில் உட்கார்ந்து கொடுத்த டீயைக் குடித்தபோதோ.

சர்வேயர் உள்ளேயிருந்து வந்தார். டாக்டரிடம் பேசிவிட்டு வருகிறார். பக்கத்தில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்தார். பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"டாக்டர் சொல்லிட்டார்மா. அது முதல் நாள் ராத்திரியே நடந்துடுச்சாம். நாம இந்தப் பக்கம் வரிசை போடறதுக்கு முன்னாடியே."

அவள் மடித்த துண்டுகளை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"நீங்க நேரா நடந்திருந்தாலும் இதுதான். அதை மட்டும் மனசுல வச்சுக்கங்க."

அவர் பொய் சொல்லிப் பழகாத மனிதர். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தான் பட்டி இன்றும் கோணல்தான். அவளுடைய மூடிய கைக்குள் மூன்று துண்டுகளும் இருந்தன. கையைத் திறந்தால் போதும்.

"அப்படிங்களா" என்றாள்.

"ஆமாம்மா."

"சரிங்க."

கழுத்திலிருந்து திசைகாட்டியைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு எழுந்தார். இரண்டடி போனவரைக் கூப்பிட்டாள்.

"அடுத்து யாருக்காவது கத்துக்குடுத்தீங்கன்னா, வாட்ச் இருக்கான்னு கேக்காதீங்க. கையை நீட்டச் சொல்லிப் பாத்துடுங்க."

சர்வேயர் தலையாட்டினார்.

பதினேழு நாள் கழித்துக் கடையைத் திறந்தாள். குண்டூசிகளை இப்போது ஒரு டப்பா மூடியில் போட்டு வைத்திருந்தாள். கை பழக்கத்தை விடவில்லை. காலையிலேயே மூன்று தடவை, துணியிலிருந்து எடுத்த ஊசியை வெறும் மணிக்கட்டில் குத்திக்கொண்டாள்.

முதலில் வந்தது அந்தத் தோளளவுப் பெண். துணி அன்றிலிருந்து அப்படியே கிடக்கிறது, அவசரமில்லை என்றாள். தையல்காரி மறுபடி டேப்பை எடுத்து அளந்தாள். நோட்டில் பழைய அளவு இருந்தது, இருந்தாலும் அளந்தாள். ரசீது எழுதினாள். அந்தப் பெண் ரசீதை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், நாற்காலிக்கு முன்னால், என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

தையல்காரி எழுந்து போய் ரசீதை வாங்கினாள். மூலையில் நகத்தால் சின்னதாகக் கிழித்தாள். நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் நகரவில்லை. இன்னும் ஒரு வார்த்தை பாக்கியிருந்தது. அது தையல்காரியின் வாயில் வரவில்லை.